முகம் பார்த்துக் கட்டிய கடன்கள்

2022ஆம் ஆண்டு வட்டி ஏறியதால்தான் என் வீட்டுக் கடன் நிலுவையில் விழுந்தது என்று இதுவரை கேட்ட எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன், சொந்தக்காரருக்குச் சொன்னேன், கனடாவில் இருக்கும் அண்ணனுக்குச் சொன்னேன், வங்கிக்கு எழுதிய கடிதத்திலும் அதையே எழுதினேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்த ஆண்டு நாடே முறிந்து கிடந்தது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கமே அறிவித்தது. அப்படியான காலத்தில் ஒரு வாத்தியார் தவணை தவறினார் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் நான் முதல் தவணையைத் தவறவிட்டது 2019ஆம் ஆண்டு தை மாதம். அப்போது வட்டி ஏறியிருக்கவில்லை. ஈஸ்ரர் குண்டுவெடிப்பு நடந்திருக்கவில்லை. கொரோனா என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்படவில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது, கையில் காசும் இருந்தது. இருந்த காசை வேறொன்றுக்குக் கொடுத்தேன். என் பொய்யால் என் மனைவியும், எனக்குப் பிணை நின்ற ஒரு நல்ல மனிதரும் பட்ட பாட்டை 2022ஆம் ஆண்டின் தலையில் கட்டிவிட்டு இருக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவன். 1990 ஆனியில் ஊரைவிட்டு ஓடியபோது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எங்கள் ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் இரண்டாம் தடவை அகதியானோம். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை ஒட்டிய காணிகளை இராணுவத்தினர் விட்டார்கள். 2018 சித்திரையில் இன்னும் ஒரு தொகுதி விடுபட்டது. அதில் எங்களுடைய துண்டும் இருந்தது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு பக்கமும் கிணற்றுக்கட்டும் மிஞ்சியிருந்தன. அன்றிரவே, மனைவியின் உடுவில் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

இதைச் சொன்னால் கேட்பவர் மனம் இளகும். எனக்கும் அது தெரியும், அதனால்தான் பலரிடம் இதையும் சொல்லியிருக்கிறேன். இடம்பெயர்ந்து அலைந்தவனுக்கு வீட்டு ஆசை பெரிது என்பது உண்மை. ஆனால் எங்களுக்கு வீடு இருந்தது. மாமனார் புகையிலைத் தோட்டத்தில் உழைத்துக் கட்டி, மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த மூன்று அறை ஓட்டு வீடு. கைமரம் சில இடங்களில் உக்கியிருந்தது, மழைக்கு ஒழுகியது. கூரையை மாற்ற ஆறு இலட்சம் போதும் என்று மேசன் கணக்குச் சொன்னார். நான் 30 இலட்சம் கடன் எடுத்தேன். பக்கத்து வீடுகள் சுவிஸ் காசிலும் கனடாக் காசிலும் மாடியாகிக்கொண்டிருந்தன. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது ஓட்டு வீடு காட்டுவதா என்று நினைத்தேன். அவர்களுக்காக வாங்கிய கடன் அது.

என் ஆசிரியர் சம்பளத்தை மட்டும் வைத்து எந்த வங்கியும் அவ்வளவு தராது. ஆகவே ரியூசன் வருமானத்தைக் காட்டினேன். நான் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை அந்தக் காலத்தில் மார்கழியில் நடக்கும். புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை வரை வகுப்பு நிரம்பி வழியும். பரீட்சை முடிந்தால் தை, மாசியில் வாங்கு வெறுமையாக இருக்கும். நான் தனியார் கல்வி நிலையத்தில் கேட்டு வாங்கிய கடிதத்தில் ஐப்பசி மாத வருமானம் இருந்தது, அதுவே மாத வருமானம் என்று. அண்ணன் அவ்வப்போது அனுப்பும் காசையும் மாதா மாதம் வருவதுபோல எழுதிக்கொடுத்தேன். அந்தத் தாளில் பொய்யான இலக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் தாள் முழுவதும் பொய். அதை எழுதியது நான்தான், வங்கி அல்ல.

காணியும் வீடும் மனைவியின் பெயரில். யாழ்ப்பாணத்தின் 1911ஆம் ஆண்டு மண உரிமை, வழியுரிமைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தைப் பாராதீனப்படுத்த, அதாவது விற்கவோ ஈடு வைக்கவோ, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. ஆகவே இருவரும் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனோம். ஈட்டு உறுதி ஆங்கிலத்தில், பல பக்கம். சட்டத்தரணி நல்ல மனிதர். பேனையை நீட்டுமுன், “விளங்கினதோ, அம்மா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “ஓம், நான் விளங்கப்படுத்திப்போட்டன்” என்று நான் பதில் சொன்னேன். ஒரு வரிகூட விளங்கப்படுத்தியிருக்கவில்லை. கட்டத் தவறினால் வங்கி நீதிமன்றம் போய் வீட்டை ஏலத்தில் விற்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. வட்டி மாறும் வட்டி, ஏறினால் தவணையும் ஏறும் என்பதும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கவனமாகக் கையெழுத்து வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து, “இஞ்சாருங்கோ, எவ்வளவு காலத்துக்குக் கட்டவேணும்?” என்றாள். “அது நான் பாப்பன், நீர் யோசியாதையும்” என்றேன்.

எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் காணியை வைத்துக் கடன் வாங்கித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியை எடுத்து ஆண்டு, விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். அதில் மாதத் தவணையும் இல்லை, தவணை தவறி வட்டி ஏறுவதும் இல்லை. தோட்டத்தைக் கண்முன்னே இன்னொருவர் கொத்தும்போது தான் கடன்பட்டிருப்பது ஊர் முழுவதற்கும் தெரியும். வங்கிக் கடனில் கடன்காரன் தன் வீட்டிலேயே இருக்கிறான், மாடியில் நின்று காற்று வாங்குகிறான், வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. என்னைப் போன்றவனுக்கு அந்த மறைவு நல்லதாகப் போகவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 30 இலட்சம், 14 வீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை 40,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முதல் மாதக் கட்டுக்காசில் 35,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், முதலில் குறைவது 5,000 ரூபாய்தான். மூன்று ஆண்டு ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் பதினான்கு இலட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம், முதல் குறைந்திருப்பது இரண்டேகால் இலட்சத்துக்கும் கீழே. குறைந்து செல்லும் மீதியில் வட்டி கணிப்பதைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்டுகிறவன் நான். கடன் எடுக்குமுன் என் கடனுக்கு அந்தக் கணக்கை ஒரு தடவையும் செய்யவில்லை. செய்தால் எடுக்கமாட்டேன் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு தவணை தவறினாலும், தவறிய தொகையில் பெரும்பகுதி வட்டியாகவே நிற்கும். அதன்மேல் தண்டவட்டி ஏறும். நிலுவை என்பது முதல் சில ஆண்டுகளில்தான் ஆளை விழுத்தும்.

2018 மார்கழியில் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்யலாம் என்று மனைவி சொன்னாள். நான் மண்டபம் எடுத்தேன். தைப் பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் வருகிறது, மாமன்மார் வருகிறார்கள், இரண்டு வீடியோ, பிள்ளைக்கு மூன்று உடுப்பு, பல்லக்கு. வந்த என்வலப் காசு செலவில் பாதிக்கும் கிட்ட வரவில்லை. தை மாதம், ரியூசன் இல்லாத மாதம். சம்பளம் விழுந்த அன்று வங்கித் தவணைக்கு என்று ஒதுக்கிய காசு மேசையில் இருந்தது. மாலையில் படப்பிடிப்புக்காரர் மீதிக் காசுக்கு வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீட்டார் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காசை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வங்கிக்கு அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் ரியூசன் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டானது, யாரும் சொல்லித்தராத வரிசை. சீட்டுப் பிடிக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருவா, அவவுக்கு முதலில். கடைக்காரர் வீதியில் காண்பார், அவருக்கு அடுத்தது. கோயில் பொருளாளர் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கேட்பார், அவருக்கு உடனே. ஏழாந் திருவிழா எங்கள் குடும்ப உபயம். அப்பா காலத்தில் அது ஒரு சாதாரண அபிஷேகமும் பொங்கலும்தான். 2019இல் நான் இரண்டு கூட்டு மேளம் பிடித்தேன், மின்விளக்குச் சோடனை வைத்தேன், சாத்துப்படிக்கு வெளியூரில் இருந்து குருக்களைக் கூப்பிட்டேன். அந்த மாதமும் வங்கிக்குக் கட்டவில்லை. அம்மன் இதையெல்லாம் என்னிடம் கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் உபயகாரரின் பெயர் வாசிப்பதை ஊர் கேட்கவேண்டும் என்று நான்தான் விரும்பினேன்.

வங்கிக்கு முகம் இல்லை. அது வாசலில் வந்து நிற்காது, சந்தியில் கண்டு கேட்காது. கடிதம் அனுப்பும், குறுஞ்செய்தி அனுப்பும். கடிதங்களைப் பள்ளிக்கூட முகவரிக்கு வரும்படி மாற்றிவைத்திருந்தேன். அவற்றைப் பிரிக்காமலே ஆசிரியர் அறை இலாச்சியில் வினாத்தாள்களுக்கு அடியில் போட்டேன். யார் முன்னால் வெட்கப்பட வேண்டியிருந்ததோ அவர்களுக்கெல்லாம் காசு கொடுத்தேன். வெட்கப்படத் தேவையில்லாத இடத்துக்குத்தான் என் மிகப் பெரிய கடன் இருந்தது, அதைக் கடைசியில் வைத்தேன்.

ஒரு தந்திரமும் பழகிக்கொண்டேன். மூன்று மாதம் கட்டாமல் விட்டால் கடனைச் செயற்படாக் கடன் என்று வகைப்படுத்துவார்கள் என்று தெரியும். ஆகவே நிலுவை இரண்டு தவணைக்கு மேல் ஏறாதபடி, மூன்றாவது சேருமுன் ஒரு தவணையைக் கட்டிவிடுவேன். அதற்கு மனைவியின் சங்கிலியை அடகு வைப்பேன், ரியூசன் காசு வந்ததும் மீட்பேன், திரும்ப வைப்பேன். “சங்கிலி எங்கே?” என்று கேட்டால் “பூட்டு கழன்றிட்டுது, திருத்தக் குடுத்திருக்கிறன்” என்பேன். ஒரு கடனை இன்னொரு வட்டியால் தாங்கிப்பிடித்துக்கொண்டு, நான் நிலுவையில் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நிலையில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வங்கிப் புத்தகத்தில் அவர்கள் இன்னும் நல்ல கடன்காரர்கள்தான்.

பிறகு கொரோனா வந்தது. 2020 பங்குனியில் பள்ளிக்கூடமும் மூடியது, ரியூசனும் மூடியது. மத்திய வங்கி கடன் சலுகைக் காலத்தை அறிவித்தது. விண்ணப்பித்தேன், எனக்கும் கிடைத்தது. சலுகைக் காலத்தில் தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. அது சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் கடனோடு கூடியது. அது அறியாமல் நடந்ததல்ல, விண்ணப்பத்தாளிலேயே எழுதியிருந்தது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த நாட்களில் வட்டி இறங்கியது. வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சராசரி வட்டி 2020 முடிவில் 6 வீதத்துக்கும் கீழே வந்தது. என் கடனின் வட்டி அதோடுதான் கட்டப்பட்டிருந்தது, ஆகவே என் தவணையும் நன்றாகக் குறைந்தது. சூமில் வகுப்பு எடுக்கப் பழகி ரியூசன் வருமானமும் பாதி திரும்பியிருந்தது. 2021இல் நான் நினைத்திருந்தால் பழைய நிலுவை முழுவதையும் தீர்த்திருக்கலாம். அந்தக் காசில் மேல்மாடிக்கு மாபிள் பதித்தேன், முன்பக்கம் உருக்குக் கேற் போட்டேன். வட்டி ஏறியதால் விழுந்தேன் என்று சொல்கிறவன், வட்டி இறங்கியபோது என்ன செய்தான் என்று ஒருவராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. பணவீக்கம் புரட்டாதியில் 70 வீதம் வரை போனது. ஆண்டு முடிவில் அந்தச் சராசரி வட்டி 27 வீதத்தைத் தாண்டியது. தவறவிட்டதும் சலுகைக் காலத்தில் சேர்ந்ததும் சேர்த்து என் கடன் அப்போதும் 29 இலட்சத்தில் நின்றது. அதற்கு 28 வீதம் என்றால் மாத வட்டி மட்டும் 67,000 ரூபாய்க்கு மேல். என் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாலும் போதாது. அதே நேரம் அண்ணனின் காசும் நின்றது. கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். அவர் ஸ்காபரோவில் மாறும் வட்டிக்கு வீடு வாங்கியிருந்தார். “தம்பி, இஞ்ச என்ர மோட்கேஜே கழுத்தை நெரிக்குது” என்றார். அவருடைய காசை என் வருமானம் என்று எழுதிக்கொடுத்தவன் நான், அப்படி எழுதினேன் என்று அவருக்கு ஒருபோதும் சொன்னதில்லை.

ஆகவே 2022இன் அடி உண்மையான அடிதான். ஆனால் அது வந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி பிறந்தது. எழுதவே கூசுகிறது. எரிபொருள் வரிசையில் மனிதர்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்த நாட்களில், இனி என் நிலுவைக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். அதன் பிறகு சங்கிலி வைத்துத் தவணை கட்டுவதையும் விட்டேன்.

இந்தக் குடாநாட்டில் வீட்டுக் கடனில் பின்தங்கியவர்கள் எல்லோரும் என்னைப்போல என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. வெங்காயம் கிண்டி விற்கும்போதும் புகையிலை விற்கும்போதும்தான் தோட்டக்காரர் கையில் காசு புழங்கும்; வங்கியோ மாதா மாதம் கேட்கிறது. ஒரு போகம் மழையில் அழுகினால் அவர் ஆறு மாதம் பின்னுக்குப் போவார், அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. தோட்டக்காரரின் வீட்டுக் கடனுக்குப் போகத்துக்கு ஏற்ற தவணை வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். பெரிய உதவி. ஆனால் சீமெந்தும் மணலும் கூலியும் ஏற, வீட்டை முடிக்க நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கடனில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலை 2018இல் அரசாங்கமே ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை நீக்க அறிவிப்புச் செய்யும் அளவுக்கு முற்றியிருந்தது. கணவன் இறந்தவர், வேலை போனவர், பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை வந்தவர் என்று பலர். அவர்களுக்குச் சேரவேண்டிய இரக்கத்தை நான் பொய் சொல்லி வாங்கினேன். வங்கி அதிகாரி உண்மையான கஷ்டக்காரரையும் சந்தேகத்தோடு பார்க்கிறார் என்றால், என்னைப் போன்றவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

வங்கியின் பராட்டே அதிகாரம், அதாவது நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரம், 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். பெரிய கடன்களுக்கும் 2024இல் அரசாங்கம் அதை இடைநிறுத்தி, 2025 மார்ச் 31 வரை நீட்டியது. தொழில் முறிந்து தவித்தவர்களுக்காக வந்த பாதுகாப்பு அது. நான் என் கடனுக்கு உரியதல்லாத அந்தச் செய்தியையும் படித்துத் தைரியம் கொண்டேன். வீட்டை இப்போதைக்கு விற்கமாட்டார்கள் என்று படுத்தேன். வீட்டை உடனே விற்க முடியாத வங்கி யாரிடம் போகும் என்று யோசிக்கவில்லை.

எனக்குப் பிணை நின்றவர் எங்கள் பள்ளிக்கூடத்து மூத்த ஆசிரியர். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. கையெழுத்துக் கேட்டபோது கடன் தொகையைக்கூடக் கேட்கவில்லை, “தம்பி, உம்மை எனக்குத் தெரியாதோ” என்று சொல்லி வைத்தார். நான் அப்படித் தைரியமாக இருந்த நாட்களில் மகனின் படிப்புக்காக அவர் ஒரு கடனுக்கு விண்ணப்பித்தார். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், கிறிப் என்று நாங்கள் சொல்வோமே, அதில், செயற்படாக் கடன் ஒன்றின் பிணையாளி என்று அவருடைய பெயர் இருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது. வாழ்க்கையில் ஒரு ரூபாய் கடன் வைக்காத மனிதர், வங்கி மேசையின் முன்னால் இருந்து அதைக் கேட்டிருக்கிறார். மகனின் அனுமதி கைதவறும் நிலையில், தன் சேமிப்பில் இருந்து என் நிலுவையின் ஒரு பகுதியைக் கட்டினார். அடுத்த நாள் இடைவேளையில் என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். நான் அவரிடமும் வட்டி, 2022, நாட்டு நிலைமை என்றேன். அவரும் கணித ஆசிரியர். நிலுவை 2019இல் தொடங்குகிறது என்று வங்கி அவருக்குக் காட்டியிருந்தது. நான் பேசி முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அதே மாதம் வங்கிச் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தது. சொத்து மனைவியின் பெயரில் என்பதால் கடிதம் அவளுக்கு வந்தது. அவள்தான் கையெழுத்திட்டு வாங்கினாள், அவள்தான் பிரித்தாள். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கடிதம் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்தது. “இது என்ர அப்பாவின்ர வீடு எண்டு உங்களுக்கு ஒருக்காலாவது நினைப்பு வந்ததோ?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில், வரவில்லை என்பதுதான். உறுதியில் அவள் பெயர் இருந்தாலும், கடன் எடுத்த நாளிலிருந்து அதை என் வீடாகத்தான் நினைத்திருந்தேன்.

வங்கிக்கு அவளே போனாள், நான் கூடப் போனேன். அவள் எல்லாவற்றையும் தமிழில் சொல்லும்படி கேட்டாள். அதிகாரி பொறுமையாகச் சொன்னார். முதல் நிலுவையிலேயே வந்திருந்தால் தவணைக் காலத்தை நீட்டியிருக்கலாம், கொஞ்சக் காலத்துக்கு வட்டியை மட்டும் கட்டச் சொல்லியிருக்கலாம், இந்த வகைப்படுத்தலே வந்திருக்காது என்றார். ஐந்து ஆண்டு நான் பயந்து ஒளித்த கதவு திறந்தே இருந்திருக்கிறது. கடனை மறுசீரமைத்துக் காலத்தை நீட்டினார்கள். 2024இல் வட்டி இறங்க, தவணையும் தாங்கும் அளவுக்கு வந்தது. மேல்மாடியை வாடகைக்கு விட்டோம். வாடகை நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. சங்கிலியை விற்றோம். ஏழாந் திருவிழாவுக்கு இப்போது ஒரு அபிஷேகம், ஒரு பொங்கல். வங்கிப் புத்தகமும் கடிதங்களும் மனைவியின் கையில் இருக்கின்றன. மகளுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எந்தத் தவணை எந்தச் செலவுக்குப் போனது என்பது உட்பட. தன் சாமத்திய வீட்டுப் படங்களை அவள் அதற்குப் பிறகு எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரிக்காத வங்கிக் கடிதம் ஒன்றாவது இலாச்சியில் வைத்திருப்பவர் இதைப் படித்தால், அதை இன்றைக்கே பிரித்து வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு தவணை பின்னுக்கு நிற்கும்போதே வங்கிக்குப் போங்கள். வங்கியின் கடிதம் பிணையாளிக்குப் போகுமுன் நீங்கள் அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். சீதனக் காணியை ஈடு வைக்கப் போகும் பெண்கள், கணவன் “விளங்கப்படுத்திப்போட்டன்” என்று உங்களுக்காகப் பதில் சொல்ல இடம் கொடாதீர்கள். தமிழில் வாசித்து விளங்கும்வரை பேனையைத் தொடாதீர்கள்.

பிணை நின்ற ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் கட்டிய காசில் பாதிக்கு மேல் இன்னும் கொடுக்க இருக்கிறது. சம்பளம் விழும் அன்று எல்லோருக்கும் முதலாக அவருடைய கணக்குக்குப் போடுகிறேன். அவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையின் முதற்படியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.